முப்பத்திரண்டாவது ஐட்டம்

எனக்கு ஒரு நோய் உண்டு. யார் எதைச் சொன்னாலும் கிழமை, நேரம் போட்டு நோட்டில் எழுதிவிடுவேன். 1985இல் அந்த நோய், என் மனைவி சரோஜாவின் ரத்தத்தையே உறிஞ்சப் பார்த்தது.

அப்போது நான் ஓசூரில் ஒரு பல்சக்கரக் கம்பெனியில் தர ஆய்வாளர். கீறல் இருந்தால் ரிஜெக்ட். கீறலா, எண்ணெய்க் கோடா என்று சந்தேகம் வந்தாலும் ரிஜெக்ட். அவ்வளவுதான் வேலை. பாகலூர் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் கன்னடம், மறுபக்கம் தெலுங்கு, எதிரே துணி வியாபாரி வீட்டு மும்தாஜ் அக்கா. சரோஜாவுக்கு மூன்றாம் மாதம் என்று தெரிந்ததும் எல்லோரும் அன்பாக எச்சரித்தார்கள். நான் பேனாவை எடுத்தேன்.

"எள்ளு பேடாப்பா, வேணாம், சூடு" என்றார் கன்னடக்கார கௌரம்மா.

"எள்ளு திங்கலாம் தம்பி, கத்திரிக்காதான் ஆவாது. புள்ளைக்கு அரிப்பு வரும்" என்றார் மும்தாஜ் அக்கா.

"யாரு அக்கா சொன்னாங்க?"

"எங்க மாமியா."

(விசாரித்ததில் மூன்று மொழியிலும் ஆதாரம் மாமியார்தான்.)

ஒரு வீட்டில் தடுத்ததை அடுத்த வீட்டில் தின்னச் சொன்னார்கள். ஏன் இப்படி? யோசித்து யோசித்துக் கடைசியில் கம்பெனி விதியையே பிடித்துக்கொண்டேன். ஒருவர் சந்தேகப்பட்டாலும் ரிஜெக்ட். பப்பாளி, எள், கத்திரி, வாழைப்பழம், முட்டை, முருங்கைக்கீரை, நிலக்கடலை, துவரம்பருப்பு, தயிர், கேழ்வரகு என்று முப்பத்தொரு ஐட்டம் தேறியது. 'சாப்பிடக் கூடாதவை' என்று தலைப்புப் போட்டு, அழகாக எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன்.

"அப்ப எதத்தாங்க திங்கறது? இந்தக் கதவயா?" என்றாள் சரோஜா.

"மிளகு ரசம் இருக்கே. அதப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல."

ஆறாம் மாதத்தில் அவளுக்கு நாலு துணி அலசினாலே மூச்சு வாங்கியது. பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றாள். பட்டியலைப் பார்த்தேன், பச்சரிசி இல்லை. அனுமதித்தேன். (நோட்டில் "விந்தை!" என்று வேறு எழுதியிருக்கிறேன்.)

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. டாக்டரம்மா சரோஜாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லியேம்மா! பச்சரிசி மெல்லறியா?"

"எப்படி டாக்டர் கண்டுபிடிச்சீங்க?" என்று ஆவலாக நோட்டைத் திறந்தேன்.

"ரத்தம் கொறஞ்சா சில பேருக்கு அப்படித் தோணும். இப்படியே போனா பிரசவத்துல ரெண்டு உயிருக்கும் ஆபத்து. வீட்ல என்னதான் சாப்புடறா?"

பட்டியலின் நகலைப் பெருமையோடு நீட்டினேன். (பாராட்டுவார் என்று நம்பினேன்.) அவர் உரக்கப் படித்தார். கதவுக்கு வெளியே காத்திருந்த பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். இருபதாவது ஐட்டத்தில் நர்ஸும் சேர்ந்துகொண்டார்.

"யோவ், இவ சாப்புட வேண்டியதுன்னு நான் எழுதித் தர்றதே இதுதான்யா. நீ தலைப்ப மாத்திப் போட்டுருக்க!"

பப்பாளிக்குப் பக்கத்தில் 'காய் மட்டும் வேண்டாம்' என்று எழுதினார். மற்ற முப்பதுக்கும் டிக் அடித்தார். சத்து மாத்திரைக்குச் சீட்டு கொடுத்தார். பிறகு என் பட்டியலின் அடியில், சிவப்பு மையில், விலக்க வேண்டியது என்று ஒரே ஒரு ஐட்டம் சேர்த்தார்: '32. கணவர்.'

என் நோட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கம் மட்டும் இன்றும் காலியாக இருக்கிறது.

மறுநாள் விஷயம் தெரிந்து, கதவில் இருந்த பட்டியலை மும்தாஜ் அக்காவே கிழித்தார். கௌரம்மா வீட்டிலிருந்து கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைச் சாறும் வந்தன. மும்தாஜ் அக்கா தினமும் அவித்த முட்டையோடு வந்து, சரோஜா விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். இமை மெல்லச் சிவந்தது. மகள் நல்லபடியாகப் பிறந்து, ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள்.

அந்த மகள் சில வருடங்களுக்கு முன் பெங்களூரிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, நல்ல சேதி. எட்டாவது வாரம்."

கண் கலங்கியது. ஆனாலும் கை பேனாவைத் தேடியது. மூடி கழற்றிய சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அம்மாவ அடுத்த பஸ்ஸுல அனுப்புங்க. முப்பத்திரண்டாவது ஐட்டம் ஓசூர்லயே இருக்கட்டும்!"