கடற்கரையில் காய்ச்சல்

சூரியாப்பேட்டை தாண்டியதும் பத்ரியின் கைபேசி ஒலித்தது. திரையில் கோவிந்தராஜன் சாரின் பெயர். பத்ரி அதைத் தேளைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, காரோட்டிக்கொண்டிருந்த சிநேகிதன் செல்லப்பாவைப் பார்த்தான்.

"எடு. இல்லன்னா எடுக்காத. என் மூஞ்சியப் பாக்காத," என்றான் செல்லப்பா.

வெளியே டிசம்பர் பனி இன்னும் விலகவில்லை. ஹைதராபாத்தின் காஞ்சன்பாக் ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள், விடுமுறை நாளானாலும் ஊரைவிட்டுப் போக அனுமதி வாங்கவேண்டும். பத்ரி வாங்கவில்லை. கேட்டால் எதற்கு என்பார்கள். விசாகப்பட்டினத்துக்குக் கடல் பார்க்க என்று சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அனுமதி தரவேண்டியவரும் கோவிந்தராஜன்தான், அவனுடைய பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்க வேண்டியவரும் அவர்தான். நெற்றி நிறைய நாமம். கேன்டீனில் வெங்காய வாசனை வந்தால் நாற்காலியை மாற்றிப் போட்டு உட்காருகிறவர்.

"பத்ரி, எங்க இருக்கேள்?" குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

"ஆத்துலதான் சார்."

குரல் இன்னும் இறங்கியது. "ஆத்துலயா?"

"ஆமா சார்."

சரி, ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார்.

அந்த ஒன்றுமில்லைதான் பத்ரியை அரித்தது. விஜயவாடா வருவதற்குள் யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தான். ராஜமுந்திரியில் பதவி உயர்வு போயேபோயிற்று. செல்லப்பா பச்சைப்பயறு பெசரட்டை ரசித்துத் தின்றான். நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம் அவனுடையது. சொந்தமாகப் பெயின்ட் கடை. யாரிடமும் அனுமதி கேட்டுப் பழக்கமில்லை.

துனி அருகே மறுபடியும் அழைப்பு. பத்ரி எடுத்த அதே நொடியில் பக்கத்தில் போன லாரி ஹாரன் அடித்தது. அது என்ன சத்தம் என்றார் சார். டிவி என்றான் பத்ரி. பகலில் டிவி பார்க்கிறவன் சோம்பேறி என்று நினைப்பாரோ என்று, காய்ச்சலாகப் படுத்திருப்பதாகவும் சேர்த்துக்கொண்டான்.

"அப்ப நீங்க எங்கயுமே போகலயா?"

"எழுந்திருக்கவே முடியல சார்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. சந்தேகம் உறுதியாகிவிட்டதற்கான பெருமூச்சு என்று பத்ரி புரிந்துகொண்டான்.

விசாகப்பட்டினத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பத்ரி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தான். முதல் அலை கணுக்காலைத் தொட்டபோது போன் அடித்தது.

"என்ன அது, அலை அடிக்கற மாதிரி இருக்கு?" சாரின் குரலில் திடீரென்று ஓர் ஆர்வம்.

"ஆவி பிடிக்கறேன் சார். தண்ணி கொதிக்கறது."

ஆர்வம் அணைந்துவிட்டது. காலையில் கஷாயம் போட்டு எடுத்துக்கொண்டு தானே வந்து பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

பத்ரி கரையேறி விஷயத்தைச் சொன்னான். செல்லப்பா கடலைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான்.

"நக்கோ டா, வேணாம்டா," என்றான் கடைசியில், செகந்திராபாத் உருது கலந்து. "நாள் பூரா ஓட்டி வந்து, நான் இன்னும் செருப்பே கழட்டல."

ஆனாலும் வண்டியைத் திருப்பினான். வழியெல்லாம் பனி. விஜயவாடாவில் டீ குடிக்கும்போது, "கைக்கு டா, எதுக்கு டா எனக்கு உன் சிநேகிதம்?" என்று கேட்டான். பத்ரி டீக்குக் காசு கொடுத்தான்.

விடிந்து குவார்ட்டர்ஸ் வந்து சேர்ந்ததும், மனைவி பத்மஜாவிடம் எதையும் விளக்காமல், அவள் சொல்ல வந்ததையும் கேட்காமல் போர்வைக்குள் புகுந்தான். தூக்கமின்மையில் உடம்பு நிஜமாகவே நடுங்கியது. நல்லதுதான் என்று நினைத்தபோது வாசல்மணி அடித்தது.

வந்தது சார் இல்லை. அவருடைய டிரைவர் டேனியல், கையில் பிளாஸ்க்குடன். பத்மஜா அதை வாங்கிக்கொண்டு தம்ளர் எடுக்க உள்ளே போனாள்.

"சார் ரொம்பக் கோவமா இருக்காரா டேனியல்?"

"கோவம் எங்க சார். நீங்க வைசாக் போறதா உங்க வீட்ல சொல்லி, எங்க ஐயா வீட்டம்மாவுக்குத் தெரியும். அதக் கேட்டதுலேர்ந்து ஐயா ஒரே குஷி. உங்க ப்ரமோஷன் பேப்பர்ல வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டாரு. நேத்து நீங்க போகலன்னதும் மனுஷனுக்குச் சோறே இறங்கல."

பேசிக்கொண்டே டேனியல் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பத்ரியின் கால்களைப் பார்த்தார். கணுக்காலில் மணல் ஒட்டியிருந்தது. சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போயிட்டு வெறுங்கையோடயா சார் வந்தீங்க? வீட்டம்மாவுக்குத் தெரியாம ஒரு கிலோ வஞ்சிரக் கருவாடு வாங்கியாரச் சொல்லத்தான் சார் அவரு மூணு வாட்டி போன் போட்டாரு."