தலையாட்டும் இன்ஜின்

நான் நீராவி இன்ஜின் செய்யத் துணிந்ததற்குக் காரணம் விஞ்ஞானம் அல்ல. என் மைத்துனன்.

சாமிக்கண்ணு பாகூர்க்காரன். என் மனைவி தனக்கொடிக்கு ஒரே தம்பி. முன்பு ஒரு தடவை மாசி மகத்துக்குச் சாமி பார்க்கப் புதுச்சேரி வந்தவன், ஆடி மாதம் வரை எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் என் சாய்வு நாற்காலியில். நான் வேலை பார்ப்பது மேரியில், அதாவது நகராட்சி ஆபீஸில். பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அங்கே குனிந்து எழுதும் வேலை மட்டும் குறையவில்லை. பகலெல்லாம் வளைந்த முதுகை நிமிர்த்த இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு நாற்காலிதான். அந்த மாதங்கள் முழுவதும் நான் முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அதுவும் அவன் படித்து முடித்த பேப்பர்.

அப்படிப்பட்டவனுக்கு எங்கள் ஊரிலேயே, உப்பளம் பகுதியில், ஒரு கிடங்கில் இராக்காவல் வேலை கிடைத்துவிட்டது.

"பின்னாடி ரூம் சும்மாதானே கெடக்குது. தம்பி தங்கிக்கட்டும்" என்றாள் தனக்கொடி.

"சும்மா கெடக்குதா? அது என் பட்டறை."

"எப்போலேர்ந்து?"

"இன்னிலேர்ந்து."

"இன்னா பட்டறை?"

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் வாங்கி வந்த பழைய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று நினைவுக்கு வந்தது. வாயும் அதையே சொல்லிவிட்டது. "நீராவி இன்ஜின் செய்யப்போறேன்."

"ரயிலுக்கா?"

"மேஜை மேல வைக்கிற சைசு."

"அது இன்னா பண்ணும்?"

"ஓடும்."

"ஓடி எங்க போவும்?"

"எங்கியும் போவாது. நின்ன எடத்துலயே ஓடும்."

"அதுக்குத்தான் வீட்ல நீங்க இருக்கீங்களே" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "சரி, தீபாவளிக்குள்ள அது ஓடிச்சுன்னா ரூம் உங்களுது. ஓடலைன்னா என் தம்பிக்கு. அப்பறம் பேச்சு மாறக்கூடாது."

அரமும் சுத்தியலும் ஈயம் பற்றவைக்கிற சாமானும் வாங்கினேன். முதலில் சும்மா சத்தம் காட்டுவதற்காகத்தான் தட்டினேன். தட்டத் தட்டப் பிடித்துப்போனது. ஒரு தகடு நான் நினைத்தபடி வளைந்த அன்று ஆபீஸிலும் சிரித்துக்கொண்டே இருந்தேன். மேலதிகாரி பயந்துபோய் எனக்கு அரை நாள் லீவு கொடுத்தார்.

ஒரு பித்தளைச் செம்பின் வாயை மூடிப் பற்றவைத்தேன். பாய்லர் ஆயிற்று. உடைந்த தையல் மெஷினிலிருந்து சக்கரம் வந்தது. வராதது சிலிண்டர் என்கிற உருளை மட்டும்தான். ஆவி தள்ளினால் உள்ளே ஒரு தண்டு வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். சைக்கிள் பம்பை அறுத்துப் பார்த்தேன். சூடு பட்டதும் அதன் தோல் வாஷர் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. சாப்பிடும்போதும் உருளை, படுக்கும்போதும் உருளை என்று புலம்பினேன்.

ஒருநாள் காலையில் பட்டறைக்குள் போனால், மேஜை மேல் முறுக்கு அச்சு.

பெருக்க வந்த தனக்கொடி மறந்து வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். நான் அதைக் கையில் எடுத்தேன். வெளியே ஒரு பித்தளைக் குழல். உள்ளே அதற்கு அளவெடுத்த மாதிரி ஒரு தண்டு. அழுத்தினேன், இறங்கியது. இழுத்தேன், ஏறியது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் ஒரு நீராவி உருளையை வைத்துக்கொண்டு முறுக்கு பிழிந்திருக்கிறோம்.

கேட்டால் கொடுக்கமாட்டாள். கேட்கவில்லை. முறுக்கு விழும் துளைகளைத் தகடு வைத்து அடைத்தேன். அடியில் மெல்லிய வெடிப்பு ஒன்று இருந்தது, அதையும் அடைத்தேன். தண்டில் எண்ணெய் நூலைச் சுற்றினேன். புத்தகத்தில் போட்டிருந்தபடி உருளையை ஓர் ஆணியில் ஆடும்படி மாட்டினேன். இப்படி ஆடினால் ஆவி உள்ளே போகும், அப்படி ஆடினால் வெளியே வரும்.

தீபாவளி நெருங்கியது.

"ஏங்க, முறுக்கு அச்சைப் பாத்தீங்களா?"

"எந்த அச்சு?"

"வீட்ல எத்தினி அச்சு இருக்குது? எங்கம்மா சீர்ல குடுத்தது."

"நான் சமையக்கட்டுப் பக்கமே வர்றதில்லியே."

"அப்ப திருடன்தான் பூந்திருக்கான்."

அவளாகவே வழி காட்டுகிறாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். "இருக்கும், இருக்கும். இப்பல்லாம் பித்தளைத் திருடனுங்க ஜாஸ்தி. போன வாரம் முத்தியால்பேட்டையில ஒரு வீட்ல அண்டாவையே உருட்டிக்கினு போயிட்டானாம். பட்டப்பகல்ல."

"பட்டப்பகல்லயா?"

"பட்டப்பகல்ல."

"அப்ப போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாம்."

போலீஸ் வந்தால் பின்னறையையும் திறந்து பார்ப்பார்கள். "ஒரு முறுக்கு அச்சுக்குப் போயி போலீஸா? உடு."

"அதுவும் சரிதான். ஆனா நீங்க ஆபீஸ் போயிட்டா பகல்ல நான் ஒண்டியாதானே இருக்கேன். வீட்ல ஒரு ஆம்பள தொணை வேணும்." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "தம்பிக்கு ராத்திரிதான் வேலை. பகல்ல சும்மாதான் இருக்கான். அவன் தொழிலும் காவல்தான். வரச் சொல்லியனுப்பிட்டேன்."

திருடனே இல்லை என்று சொன்னால் அச்சைக் கொடுக்க வேண்டும். அச்சைக் கொடுத்தால் இன்ஜின் ஓடாது. இன்ஜின் ஓடாவிட்டால் சாமிக்கண்ணு வருவான். சொல்லாவிட்டாலும் சாமிக்கண்ணு வருவான். பின்னறையையாவது காப்பாற்றலாம் என்று பட்டறைக்குப் போனேன்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் பிள்ளைகுட்டிகளோடு வந்து வாசற்படியில் நின்றாள். செம்பு முணுமுணுத்தது. சக்கரத்தை விரலால் ஒரு தள்ளு தள்ளினேன். முறுக்கு அச்சு ஒரு பக்கம் சாய்ந்தது, தும்மியது, மறுபக்கம் சாய்ந்தது. சக்கரம் சுற்றியது. நிற்காமல் சுற்றியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆவி பட்டதால் அல்ல.

தனக்கொடி குனிந்து பார்த்தாள். அச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "தலையாட்டிக்கினே வேலை செய்யுதே. உங்க கையால செஞ்சதுன்னு நல்லா தெரியுது."

"ரூம் எனக்குத்தானே?"

"உங்களுக்கேதான். சொன்னா சொன்னதுதான்."

"அப்ப உன் தம்பி?"

"காவலுக்கு வந்தவன் பின்னாடி ரூம்லயா ஒக்காருவான்? வாசல்லதான்."

நான் கூடத்துக்கு ஓடினேன். தெருக்கதவைப் பார்த்தபடி என் சாய்வு நாற்காலி கிடந்தது. அதில் சாமிக்கண்ணு கிடந்தான். மடியில் ஒரு தட்டு நிறைய முறுக்கு.

"வாங்க மாமா. பயப்படாதீங்க, இனிமே ஒரு பய உள்ள வரமுடியாது" என்றான், கடித்துக்கொண்டே.

"முறுக்கு ஏது?"

"புது அச்சுல சுட்டதுங்க" என்றாள் பின்னால் வந்த தனக்கொடி. "பழசு வெடிப்பு உட்டு மாவு ஒழுவுதுன்னு ஆவணியிலேயே வாங்கிட்டேன்." எனக்கு முக்காலியை எடுத்துப் போட்டாள். கையில் ஒரு முறுக்கையும் கொடுத்தாள்.

எனக்கு மெல்லத்தான் விளங்கியது. "அப்ப அந்தப் பழசை என் மேஜை மேல வெச்சது…"

"நான்தான். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். நீங்க கேட்டு வாங்கியிருந்தா திருடன் ஏது, என் தம்பிக்கு இங்க இன்னா வேலை?"