முப்பத்தைந்து அங்குல நன்றி

வலப்பக்கம் திருப்பினால் ஆர்லோவின் ஜீப் அழுதது. இடப்பக்கம் திருப்பினால் விம்மியது. நேராகப் போனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஐடஹோ மலைப்பக்கத்தில் நேரான ரோடு ஒன்று இருப்பதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

போன வாரம்தான் கம்பெனி போட்டுக் கொடுத்த இருபத்தெட்டு அங்குல டயரைக் கழற்றிவிட்டு முப்பத்தொன்று போட்டிருந்தார். அதுதான் மட்கார்டில் உரசியது.

எல்லாம், நவம்பர் கடைசியில் குடும்பமாகக் கூடி உண்ணும் நன்றி நாள் விருந்துக்காக. மகள் ஜெனெலின் வீடு எண்பது மைல். சர்ச் ஆராதனை முடிந்து பதினொன்றரைக்குக் கிளம்பினால், இவர் போய்ச் சேரும்போது மருமகன் கர்ட் சுரங்கத்துக்கு ஷிப்ட் புறப்பட்டுக்கொண்டிருப்பான். மூன்று வருடமாக மருமகன் காரின் பின்பக்க நம்பர் பிளேட்டுக்குத்தான் ஆர்லோ வாழ்த்துச் சொல்லிவந்தார். இந்த வருடமாவது எல்லோரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட வேண்டும்.

அவர் கணக்கில் குற்றவாளி, மகள் வீட்டுக்கு முந்தைய இரண்டு மைல் கல்ரோடுதான்; அதைச் சீக்கிரம் தாண்டத்தான் பெரிய டயர். மற்ற எழுபத்தெட்டு மைலில் அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வேக மீட்டரின் ஊசியை நாற்பதில் வைத்தால் ஆணியடித்த மாதிரி நாற்பதிலேயே நிற்கும். ஆற்றையொட்டிப் போகும் அந்த ரோட்டில் முந்த இடமில்லை. விருந்துக்கு வரும் மற்றப் பதினோரு பேரும் நாலு காரில் அவர் பின்னாலேயே வருவார்கள். போன வருடம் நேர் பின்னால் வந்த பாஸ்டர் ஹாலண்ட், பொறுமையைப் பற்றி மூன்று பிரசங்கம் தயார் செய்துவிட்டதாகச் சொல்வார்கள். நான் இரண்டைத்தான் கேட்டேன்.

டயர் கடை ராய்ஸ் சொற்சிக்கனக்காரன். உரசலைப் பார்த்துவிட்டு, வண்டியைத் தூக்கவேண்டும் என்றான். நாலு அங்குலம் தூக்கினான். உரசல் நின்றது. ஆனால் ஜீப் ஓடையில் மீன் தேடும் கொக்குபோல நின்றது. காற்றடித்தால் லேசாக யோசித்தது.

அதைப் பார்த்துப் பாஸ்டர் மிகவும் கவலைப்பட்டார். இந்த உயரத்துக்கு முப்பத்துமூன்று அங்குலமாவது போடாவிட்டால் தனக்குத் தூக்கம் வராது என்றார். அவர் தூக்கத்துக்காக முப்பத்துமூன்று போட்டார்கள். இப்போது ஜீப் கொட்டகைக்குள் நுழையவில்லை.

மறுநாள் காலை சகலை டெல்பர்ட், யாரும் கூப்பிடாமலே ரம்பத்தோடு வந்து, கொட்டகை வாசலின் உத்தரத்தை அறுத்துக் கொடுத்தார். ஜீப் நுழைந்தது. கூரையும் கூடவே இறங்கி வந்து ஜீப்பின் தலைக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. அது எதைப் பிடித்துக்கொண்டு நின்றது என்பது இன்றுவரை விளங்கவில்லை.

டெல்பர்ட் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"முப்பத்தஞ்சு போட்டா ஜீப்பு இன்னும் ஒரு இஞ்ச் உசரும். கூரைக்கு முட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும், சகலை."

"அப்போ வண்டிய வெளிய எடுத்தா?"

"நன்றி நாளன்னைக்குத்தானே எடுக்கப்போறீங்க?"

முப்பத்தைந்து வந்தது. இப்போது ஜீப்புக்குள் ஏற ஆர்லோவின் மனைவி லியோட்டாவால் முடியவில்லை. எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் வலி. ஆர்லோ மனசு கேட்காமல், பழைய டயரையே மாட்டிவிடுவதாகச் சொன்னார்.

"ஏணி எதுக்கு இருக்கு? முப்பத்தஞ்சே இருக்கட்டும்" என்றாள் அவள்.

ஆர்லோவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் டயருக்காக ஊரே இப்படி உருகும் என்று அவர் நினைத்ததே இல்லை. நன்றியாக, தனிக்கட்டையான ராய்ஸையும் விருந்துக்கு அழைத்தார்.

நன்றி நாளன்று ஜீப் வெளியே வந்ததும் கொட்டகை படுத்துவிட்டது. தான் வெளியே வரும்வரை காத்திருந்ததற்காக ஆர்லோ தொப்பியைக் கழற்றி அதற்கும் ஒரு வணக்கம் போட்டார். ஆராதனை முடிந்ததும் லியோட்டா பூசணிப் பலகாரத் தட்டைக் கையிலேந்தி ஏணியில் ஏறினாள். ஜீப் கிளம்பியது. பின்னால் நாலு கார். ஊசி நாற்பதில்.

கல்ரோட்டை ஜீப் மெத்தையில் உருள்வதுபோலக் கடந்தது. மகள் வீட்டு வாசலில் மணி ஒன்று பத்து. கர்ட் இன்னும் சுரங்க பூட்ஸ் மாட்டாமல் வீட்டுச் செருப்போடுதான் நின்றிருந்தான். ஆர்லோ மைல் கணக்கைப் பார்த்தார். அறுபத்துநாலு என்றிருந்தது.

"ரோட்டை எங்கியோ வெட்டிச் சுருக்கியிருக்காங்க. நல்ல மனுஷங்க" என்றார்.

லியோட்டா அந்தப் பக்கமாக மலையைப் பார்த்தாள்.

வான்கோழி சூடாக இருந்தது. வழக்கம்போல ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொன்னார்கள். கர்ட், மாமனார் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. பாஸ்டர், பிரசங்கம் எதுவும் தயாராகாததற்கு என்றார். ஆர்லோ கடவுளுக்கும், ரோடு போட்டவர்களுக்கும், முப்பத்தைந்து அங்குலத்துக்கும் நன்றி சொல்லிவிட்டு, "ராய்ஸுக்கும்தான். தொழில்ல ஒரு குறை வெக்கல" என்று முடித்தார்.

ராய்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். பொய்யான பாராட்டை விழுங்கத் தெரியாதவன்.

"ஒரு குறை வெச்சேண்ணே. டயரைப் பெருசாக்கினா மீட்டரையும் திருத்தணும். இல்லேன்னா ஊசி நாப்பதுல நிக்கும், வண்டி அம்பதுல போகும். திருத்த வேண்டாம்னு இங்க இருக்கிற எல்லாரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் வந்து எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

மேசையில் எல்லோருக்கும் திடீரென்று உருளைக்கிழங்கு அவசரமாகத் தேவைப்பட்டது. ஆர்லோ ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, முதலில் வந்தது யார் என்று மட்டும் கேட்டார்.

"உங்க சம்சாரம்தாண்ணே. நீங்க முப்பத்தொண்ணு போடலாமான்னு யோசிக்கறதுக்கு ஒரு மாசம் முந்தியே."