நைஸ் பாய்

அவரைத் திட்டிவிட்டுத் தப்பித்தவர்கள் மரக்காணத்தில் நிறையப் பேர் உண்டு. பாராட்டிவிட்டுத் தப்பித்தவர் ஒருவரும் இல்லை.

நான் அப்போது உப்பளத்தை ஒட்டிய ஒரு அரவை மில்லில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கல்லுப்பைத் தூளாக்கும் மெஷின் அவர் பொறுப்பு. அரைப்பது நைஸ் உப்பு, ஆள் கூனிமேட்டு பாய், எனவே நைஸ் பாய். அந்தப் பெயரை அவர் காதுபட யாரும் சொல்வதில்லை. காரணம் எனக்கு இரண்டாவது வாரமே தெரிந்தது.

சென்னையிலிருந்து புதிதாக வந்த மேனேஜர், உப்பை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "வெரி நைஸ் பாய்" என்றார். பாய் மெஷினை நிறுத்தினார். புருவம், இமை எல்லாம் உப்புத்தூள் படிந்து வெள்ளையாக இருந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு முட்டாள்ங்கிறீங்க சார்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் பேக்கிங் பெண்களைப் பார்த்தேன். அவர்கள் எல்லாம் தெரிந்தவர்களாகத் தரையைப் பார்த்தார்கள்.

பாய் வளைகுடாவில் பதினாலு வருஷம் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கார் ஓட்டியவர். ஒருநாள் டிராஃபிக்கில் நிற்கும்போது, "சார், யூ நைஸ் மேன்" என்று சொல்லியிருக்கிறார். வந்தது வினை. அந்தச் சொல்லின் பூர்வீகத்தை சிக்னல் சிக்னலாக விளக்கியிருக்கிறார் பேராசிரியர். லத்தீனில் அதற்கு 'ஒன்றும் தெரியாதவன்' என்று அர்த்தமாம். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குள் 'முட்டாள்' என்றே நுழைந்ததாம். அப்புறம் கூச்சக்காரன், நுணுக்கம் பார்ப்பவன், நுட்பமானது என்று வேஷம் மாற்றி மாற்றிக் கடைசியில்தான் நல்லது ஆனதாம்.

"நம்ம ஊர்ல நைஸ்னா மெலிசா அரைக்கிறதுதானே பாய்?" என்று கேட்டேன்.

"மனுஷன அரைச்சாலும் அதே பேருதாம்மா. நைஸா பேசி கவுத்துட்டான்னு சொல்றோமில்ல?" என்றவர், கொஞ்சம் கழித்துச் சொன்னார். "என்னை ஊருக்கு அனுப்பறப்போ அந்த சார் ஒரு லெட்டர் குடுத்தாரு. மூணு எடத்துல நைஸ்னு எழுதியிருந்தாரு. அந்த வார்த்தை முட்டாளா பொறந்து நல்லவனா ஆயிடுச்சு. நான் நல்லவனா பொறந்து முட்டாளா ஆயிட்டேன்."

அவர் மகளைப் பெண் பார்க்கக் கோட்டக்குப்பத்திலிருந்து வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, "ஃபேமிலி ரொம்ப நைஸ்" என்றார்களாம். "எங்கள்ல யாரைப் பார்த்தா ஏமாந்தவன் மாதிரி தெரியுது?" என்று எழுந்துவிட்டார் பாய். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்காவிட்டால் அந்த நிக்காஹ் நடந்திருக்காது. மாப்பிள்ளை இன்றுவரை மாமனார் எதிரில் தமிழ் மட்டும்தான் பேசுகிறார்.

மூன்றாவது வருஷம் பட்டன் தட்டினால் ஓடும் மெஷின் ஒன்றை முதலாளி வாங்கினார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நேரா சொன்னா பாய் தகராறு பண்ணுவாரு. உன்மேல பிரியமா இருக்காரு. நீ நைஸா பேசி கையெழுத்து வாங்கிடும்மா."

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று பாய் பெயரில் நானே இங்கிலீஷில் டைப் அடித்தேன். நானே எடுத்துக்கொண்டு போனேன். பாய் பழைய துணியால் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மழைக்கால லீவு ஃபாரம் பாய். ஒரு கையெழுத்து."

வாங்கி, விரலை வைத்து வரிவரியாக ஓட்டினார். அவருக்கு எவ்வளவு இங்கிலீஷ் படிக்க வரும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

"இதை நீ படிச்சியாம்மா?"

"ம்."

"லீவு ஃபாரம்தான?"

"ஆமா பாய்."

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி என் கையில் கொடுத்தார். "உனக்குப் பொய் சொல்ல வரல. குரல் நடுங்குது. அப்படியே இரு, கத்துக்காத."

கடைசி நாளில் சால்வை போட்டார்கள். மேனேஜர் மைக்கில், "பாய் இஸ் எ வெரி நைஸ் மேன்" என்றார். பேக்கிங் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் காத்திருந்தேன். ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஆமா சார்," என்றார் பாய்.

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அவர் வீடு இருக்கும் கூனிமேடு ஸ்டாப்பை தினமும் பஸ்ஸில் கடந்துபோனேன், இறங்கவில்லை. இறங்க ஒன்றரை வருஷம் ஆனது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய் நின்றேன். வாய் திறப்பதற்குள், "வெயில்ல வந்திருக்க, மொதல்ல சாப்பிடு" என்று தட்டை வைத்துவிட்டார்.

வாயில் சோறு இருக்கும்வரை அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று இரண்டு தடவை நானே சோறு போட்டுக்கொண்டேன். மூன்றாவது தடவை, போதும் என்று சொல்லச் சொல்ல, அவர் போட்டார்.