றாபியாவின் முழங்கால் சில்லு

"பதிக்கிறதா, விடுறதா? அதச் செல்லுங்க மச்சான்!"

பள்ளிவாசலுக்கு முன்னால் நின்று மஜீட் கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். மறுமுனையில் இருந்தவர் மனைவி றாபியாவின் தம்பி சரீப், அக்கரைப்பற்றில் நெல் வியாபாரி. முழங்காலுக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கல்யாணம் முடித்த நாள் முதல் மஜீட் இருப்பது றாபியாவின் வீட்டில். அங்கே கூரையில் ஒரு ஓடு மாற்றுவதென்றாலும் மச்சான்மாரைக் கேட்க வேண்டும்.

நாளை மறுநாள் றாபியாவுக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தாயிற்று. புது மூட்டுப் போடுவதும் முடிவான விஷயம். பாக்கி, முன்னால் இருக்கும் சில்லு எலும்பு மட்டும்தான்.

"சில்லுக்குப் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் வில்லை பதிக்கலாம். பதிக்காம விட்டாலும் பிழையில்ல. வீட்டில நல்லாக் கதைச்சிட்டு வாங்க" என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு டொக்டர் இப்படிச் சொல்லலாமா? இதென்ன சட்டைக்குப் பொத்தான் வைக்கிற கதையா?

மஜீட்டுக்கு உண்மையிலேயே பயம். இரண்டு வருடமாக றாபியா படியிறங்குவது அவர் தோளைப் பிடித்துத்தான். தான் ஒரு பிழையான பதிலைச் சொல்லி, அவள் ஆயுள் முழுக்க நொண்டினால்?

"எனக்கென்ன தெரியும்? பெரிய காக்காட்டக் கேளுங்க" என்றார் சரீப்.

பெரிய காக்கா, அதாவது றாபியாவின் மூத்த அண்ணன் அதாவுல்லா, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். யோசிக்கவே இல்லை. "பதிங்க! அரகொறயா ஏன் விடுற?"

பத்து நிமிடத்தில் சரீப்பின் அழைப்பு வந்தது. "காக்கா செல்லிட்டா முடிவா? அப்ப நான் ஆரு? பதிக்க ஒண்ணா, விடுங்க!"

சமாதானமாகப் பேசி முடிக்கலாமென்று மஜீட் மறுநாள் பகல் சோற்றுக்கு இருவரையும் அழைத்தார். வந்தது பதினேழு பேர். மச்சான்மாருக்கு ஆளுக்கொரு சாட்சி வேறு. அதாவுல்லா கொண்டுவந்தவருக்குச் சில்லில் வில்லை பதித்திருந்தது, சரீப் கொண்டுவந்தவருக்குப் பதிக்கவில்லை. சாட்சிகள் இருவரும் வீட்டு வளவைச் சுற்றி நடந்து காட்டினார்கள். நடை வேகமாகி, வேகம் ஓட்டமாகி, சரீப்பின் சாட்சி வாய்க்காலுக்குள் விழுந்தார். தூக்கி எடுக்கும்போதுதான் தெரிந்தது, அவருக்கு மாற்றியது முழங்காலே இல்லை, இடுப்பு.

"அல்லாஹ்வே! சீட்டுக் குலுக்கிப் பாப்பம்" என்றார் மஜீட்.

"எங்கட ராத்தாட காலுக்குச் சீட்டா?" சரீப் எழும்பினார்.

"என்ட தங்கச்சி என்ன லொத்தரா?" அதாவுல்லாவும் எழும்பினார்.

பல வருடங்களுக்குப் பிறகு மச்சான்மார் இருவரும் ஒற்றுமையானார்கள், மஜீட்டுக்கு எதிராக. பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு எல்லோரும் வேனில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வாட்டு வாசலில் தாதி தர்சினி மறித்தாள். "இவ்வளவு பேரும் எங்க போறீங்க?"

"மிஸ்ஸி, டொக்டரிட்டச் செல்லுங்க, ஒரு நாள் பிந்தி வெட்டட்டும்" என்றார் மஜீட். "சில்லுல பதிக்கிறதா விடுறதா எண்டு நாங்க இன்னும் முடிவெடுக்கல்ல. எனக்கு... எனக்குப் பயமா இரிக்கி."

தர்சினி கோப்பைத் திறந்தாள். உள்ளே சம்மதப் படிவத்தில் றாபியாவின் கையெழுத்து.

"அந்தச் சில்லுக் கதைய உங்கட மனிசி போன கிழமையே டொக்டரோட கதைச்சி முடிச்சிட்டா ஐயா. 'ஒப்பரேசன் வரைக்கும் நான் நிம்மதியாப் படுக்கணும், என்ட மனிசன் வெளிய அலைய ஒரு கேள்வி குடுத்து விடுங்க' எண்டு டொக்டரிட்டக் கேட்டதும் அவதான்."