மூன்று கைத் தலைவனும் பால்புட்டியும்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கலைக்காக ஒரு பெரும் தியாகம் செய்யத் தீர்மானித்தார். அவருடைய தியாகங்களெல்லாம் சாய்வு நாற்காலியில்தான் நடக்கும். இதுவும் அப்படித்தான்.

"இங்க பாரும்மா," என்றார் மனைவியிடம். "அடுத்த சனிக்கிழமை திரைப்படச் சங்கத்துல நான்தான் பேசறேன். விஞ்ஞானப் படங்கள், ஒரு மறுபார்வை! பழைய கிறுக்குப் படத்துலேருந்து இப்ப வர்ற ஆழமான படம் வரைக்கும் பன்னிரண்டு. அத்தனையும் திரும்பப் பார்க்கணும்."

"குழந்தையை யாரு பார்க்கறது?"

"நீ குழந்தையைப் பாரு, நான் படத்தைப் பார்க்கறேன். ஆளுக்குப் பாதி."

பேச்சு எடுபட்டால் அவர்தான் சங்கத்தின் செயலாளர். செயலாளருக்குச் சனிக்கிழமைதோறும் கூட்டம். வாரம் நான்கு மணி நேரம் விடுதலை! ஐந்து மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் அதற்கு ராஜ்ஜியத்தையே எழுதிக் கொடுக்கலாம்.

டிவிடிகள் வந்தன. விண்கலம் கிளம்பிய ஏழாவது நிமிடம் அவர் உறங்கிப்போனார். குறட்டையில் விண்கலமே தோற்றது. நாற்காலிக்குப் பின்னால் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். படத்தில் வருகிற 'ம்ம்ம்' என்கிற விண்கல இரைச்சல் கேட்டால்தான் குழந்தை கண்ணை மூடும். படத்தை நிறுத்தினால் அது போடுகிற கூச்சலில் தெருவே எழுந்துகொள்ளும். அது தூங்கியதும் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வரும். கொஞ்சம் படம் பார்ப்பாள். மறுபடி விரல். இப்படியே பன்னிரண்டு படமும் ஓடி முடிந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்காரருக்கு வியர்த்தது.

"ஏம்மா, அந்த மூணு கைத் தலைவன் படம்... முடிவு என்ன? லேசா மறந்துபோச்சு."

"பார்த்திருந்தாத்தானே மறக்கறதுக்கு?"

"கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சேன்."

"யோசனை தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

"நல்ல பொண்ணில்ல, நாலு பக்கம் எழுதிக் குடேன்."

"எழுதறேன். அதுக்குள்ள நீங்க பால்புட்டியைக் கழுவி வைங்க."

"கை வலிக்குதும்மா. நாளைக்குக் கண்டிப்பா."

அவளே புட்டியைக் கழுவிவிட்டு, முத்து முத்தாக நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவர் அதைப் படித்துப் பார்க்கவுமில்லை.

சனிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் குழந்தையோடு மனைவி. கடைக்காரர் தாள்களைப் பார்த்து முழங்கினார்.

"முடிவில் அந்தத் தலைவன் போரை நிறுத்திவிட்டு, மூன்று கைகளாலும் பால்புட்டி கழுவுகிறான்! என்ன ஒரு குறியீடு, நண்பர்களே! நாகரிகத்தின் அழுக்கையே அல்லவா கழுவுகிறான்!"

நூலகத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அவர் விற்ற கண்ணாடிதான்.

"சார், அந்தத் தலைவன் பாதிப் படத்துலேயே செத்துப்போறானே? புட்டியை யாரு கழுவினா?"

அரங்கு குலுங்கியது. கடைக்காரர் அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே ஒரே ஒரு வரி: 'மீதியைக் கடைசி வரிசையில் கேட்கவும்.'

நிமிர்ந்து பார்த்தார். மனைவி ஏற்கெனவே எழுந்து வந்துகொண்டிருந்தாள். குழந்தை கை மாறியது. பன்னிரண்டு படத்தையும் பிட்டுப் பிட்டு வைத்தாள். கடைசிப் படத்துக்கு வந்தபோது அவள் குரல் இறங்கியது.

"விண்வெளிக்குப் போன அந்த அம்மா திரும்பி வரவே மாட்டா. அவ கலத்தோட இரைச்சல் மட்டும் வீட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். அதைக் கேட்டுத்தான் அவ குழந்தை தூங்கும்."

நூலகத்து அம்மாள் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை நீங்கதாம்மா பேசணும்," என்றார் சங்கத் தலைவரான பல் டாக்டர். "செயலாளரும் நீங்கதான்."

"அதுக்கென்ன, வர்றேன். வீட்டுல அவர் இருக்காரே."

அடுத்த சனிக்கிழமை டிவிடிகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள். கதவு சாத்தியதும் குழந்தை கண்ணை விழித்தது. வாயைத் திறந்தது.

நான்கு மணி நேரம், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே, கண்ணாடிக் கடைக்காரரே விண்கலமாக இரைந்துகொண்டிருந்தார்.