மாடி அறையும் வேல்விழியின் வசனமும்

வீரநாயகி வளர்ப்போர் என்றொரு இனம் நமக்குள் உண்டு. ஆடு, கோழி வளர்ப்பதுபோல் இவர்கள் கதைக்குள் கோபக்காரிகளை வளர்க்கிறார்கள். தேனிப் பக்கம் திராட்சைக்கு அடுத்தபடியாக விளைவது இவர்கள்தான் என்றால் கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான்.

அடையாளம் காண்பது சுலபம். நாயகி முதல் அத்தியாயத்தில் எவனையாவது அறைவாள், இரண்டாவதில் சிலம்பம் சுற்றுவாள், மூன்றாவதில் கம்பம்மெட்டு வளைவுகளில் ஜீப்பைப் பறக்கவிடுவாள், அத்தனை காற்றிலும் ஒரு முடி கலையாது, பசிக்காது, யாருக்கும் டிபன் கட்டித்தர வேண்டியிருக்காது, பெட்ரோலும் தீராது. வளர்ப்பவர்? யாராவது "ஒரு சின்ன உதவி" என்று ஆரம்பித்தாலே "அதுக்கென்ன" என்று முடித்துவிடுவார்.

ராயப்பன்பட்டி அனிதா மேரி இந்த இனத்தில் முதல் தரம். வெள்ளிக்கிழமைதோறும் கைப்பேசிச் செயலியில் அவளுடைய தொடர்கதை வரும். வாரமெல்லாம் அனிதா சிரித்தபடி விழுங்கிய பதில்களை அன்றைக்கு நாயகி வேல்விழி திருப்பிக் கொடுப்பாள். எழுதும் இடம் மாடி அறை. ஒரு மேசை, ஒரு ஜன்னல், உள்பக்கம் தாழ்ப்பாள். அவளுக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. கணவன் பெனடிக்டின் அக்கா லூர்து மேரி உத்தமபாளையத்திலிருந்து போன் போட்டாள். ஈஸ்டர் கழித்து மகள் ஜாய்ஸுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு வேலை ராயப்பன்பட்டியில், சிறுசுகள் மாடி அறையில் இருந்துகொள்ளட்டும், கட்டில் பீரோவை முன்கூட்டியே அனுப்புகிறேன் என்றாள்.

"அதுக்கென்ன மதினி," என்றாள் அனிதா.

மாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னாளே! வெள்ளிக்கிழமை சொன்னாள். மதினி ஒரு வாரம் விடாமல் படிப்பவள், குறிப்பறிந்துகொள்வாள் என்று நம்பி, திராட்சை இருப்பு வைக்கும் வேல்விழியின் கிட்டங்கியைச் சொந்தக்காரர்கள் பிடுங்க வருவதாக எழுதினாள். வாசலை மறித்து நின்றவர்களிடம் வேல்விழி பேசிய வசனத்துக்கு இதயங்கள் மழையாகக் கொட்டின.

ஞாயிறு பூசை முடிந்து லூர்து மேரி வந்தாள். "படிச்சேன் ஆத்தா. அழுதுட்டேன்," என்றாள். அனிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின்னாலேயே கட்டில் பீரோவோடு மினி வேனும் வந்து நின்றது.

பெனடிக்ட் தலையைச் சொறிந்தான். "அக்கா, அது அவ எழுதுற இடம்ல..."

லூர்து மேரி இடுப்பில் கைவைத்தாள். "இது எங்கப்பன் கல்லுக் கல்லாச் சேத்துக் கட்டுன இடம். இதுக்குள்ள வர எனக்கு எவன் உத்தரவும் வேண்டியதில்ல. மறிக்கிறவன் முன்னால வா."

வேல்விழியின் வசனம். ஒரு சொல் பிசகவில்லை. வீரநாயகி என்றால் அப்பன் கட்டிய இடம் ஒன்று வேண்டுமென்று எழுதியவளுக்கு, இந்த வீட்டைக் கட்டியது யாருடைய அப்பன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பெனடிக்ட் ஒதுங்கினான். பீரோ படியேறியது. அனிதா கண்கலங்கி நின்றாள். அறைக்காக என்று நினைக்காதீர்கள். தன் எழுத்தை ஒருத்தி இத்தனை அருமையாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. கடைசி வரியில் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கலாம் என்று பட்டது. பிறகு போய் வேன்காரருக்கும் சேர்த்துக் காபி போட்டாள்.

இப்போது அடுப்படியில் காஸ் சிலிண்டர்மேல் போனை வைத்து எழுதுகிறாள். இந்த வாரம் வேல்விழி மூன்று பேரை அறைந்தாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் அந்த மூன்று அறைக்கும் இதயம் போட்டது நீங்கள்தானே? போட்ட கையோடு யாருக்கோ "அதுக்கென்ன" என்று அனுப்பினீர்களே, அது எதற்கு? எதற்கும் ஒருதரம் மாடிக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள், அங்கே இருப்பது யாருடைய பீரோ என்று.